ஸ்பேனர் பையன்: பதிமூணாவது வளைவும் ஒரு பாத்ரூம் மக்கும்

போன வாரம் ஸ்பார்க் பிளக் பத்தி எழுதியதைப் படிச்சிட்டு, மூணு பேர் சொந்தமா கழற்றி மாட்டிட்டதா தகவல். நாலாவதா ஒரு அன்பர் த்ரெட்டை அறுத்துட்டாராம். பாஸ், முதல்ல கையால திருகணும்னு கொட்டை எழுத்துல சொல்லியிருந்தேனே... நேரா ஸ்பேனரைப் போட்டா நான் என்ன பண்ண? ஆழ்ந்த அனுதாபங்கள்.

சரி, அடுத்தவர் சோகத்தில் சிரித்தது போதும். இந்த வாரம் என் சொந்த அசிங்கம். இத்தனை வாரமா வாத்தியார் கணக்கா பேசிட்டிருந்த ஸ்பேனர் பையன், சேலம் ஏற்காடு மலைப் பாதையில, இருபது கொண்டை ஊசி வளைவில் பதிமூணாவது வளைவுல, புகை கக்கும் காரோட நின்ன கதை.

முதல்ல வண்டியை அறிமுகப்படுத்திடறேன். எங்க அப்பாவுக்கு செவ்வாய்ப்பேட்டையில வெள்ளிக் கொலுசுப் பட்டறையில வேலை. ஒன்பது வருஷம் சீட்டு கட்டி, செகண்ட் ஹேண்டில் ஒரு மாருதி 800 வாங்கினார். 2007 மாடல். கலர் வெள்ளை. (இப்போ என்ன கலர்னு கேட்காதீங்க.) 2014-லேயே அந்த மாடல் உற்பத்தியை நிறுத்திட்டாங்க. ஆனா அப்பாவுக்கு அது இன்னும் புது வண்டி. ஞாயிற்றுக்கிழமை காலையில பழைய வேட்டியைக் கிழிச்சு அவர் அதைத் துடைக்கிற அழகைப் பார்த்தா, என்னைக்கூட இப்படித் துடைச்சிருப்பாரான்னு சந்தேகம் வரும்.

நான் மெக்கானிக்கல் சீட் வாங்கினதும் அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். “இனிமே வண்டியை நீயே பார்த்துக்கடா.” அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நான் காப்பாத்தின லட்சணம் இதோ...

பானெட்டைத் திறந்தா ஓரமா ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும் பாருங்க, அதுதான் ரிசர்வாயர். அதுல ‘ஃபுல்’, ‘லோ’ன்னு ரெண்டு கோடு. எட்டு மாசம் முன்னாடி ஒருநாள் பார்த்தேன், லெவல் ‘லோ’வுக்குக் கீழே. கூலன்ட் வாங்கக் கடைக்குப் போகணும். வெயில் மண்டையைப் பிளக்குது. பக்கத்துல பாத்ரூம். பாத்ரூமில் ஒரு சிவப்பு மக்கு. மக்குல போர் தண்ணி. ஊத்திட்டேன். அடுத்த மாசம் பார்த்தா மறுபடி ‘லோ’. மறுபடி மக்கு. இப்படி ஆறேழு தடவை. ஒவ்வொரு தடவையும் தண்ணி எங்க போகுதுன்னு ஒரே ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா, இந்தக் கட்டுரையே வந்திருக்காது.

கொடுமை என்னன்னா, எங்க வீட்டு போர் தண்ணி யோக்கியதை எனக்கு நல்லாவே தெரியும். சோப்பு போட்டா நுரை வராது. பக்கெட் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையா படிஞ்சிருக்கும். ஃபர்ஸ்ட் செமஸ்டர் கெமிஸ்ட்ரி லேபுல ஈ.டி.டி.ஏ. டைட்ரேஷன் பண்ணி, ஒயின் சிவப்பு எப்போ நீலமாகும்னு கண்ணு வலிக்கப் பார்த்திருக்கோமே, எதுக்கு? தண்ணியோட கடினத்தன்மையைக் கண்டுபிடிக்க. ‘பாய்லர் தொல்லைகள்’னு பதிமூணு மார்க் கேள்விக்கு ஸ்கேல், ஸ்லட்ஜ் ரெண்டுக்கும் கோடு போட்டு வித்தியாசம் வேற எழுதியிருக்கேன். கால்சியம் பைகார்பனேட்டைச் சூடாக்கினா கார்பனேட்டாகிச் சுவரில் ஒட்டிக்கும், அது வெப்பத்தைக் கடத்தாதுன்னு பக்கம் பக்கமா எழுதிய அதே கை, மக்கைத் தூக்கி ஊத்துது. காரும் ஒரு பாய்லர்தான்னு மண்டைல உறைக்கவே இல்லை!

சம்பவத்துக்கு வருவோம். இன்டர்னல் முடிஞ்ச சனிக்கிழமை. “வண்டியை ஒரு ரவுண்டு டெஸ்ட் பண்ணிட்டு வரேம்ப்பா”ன்னு சொல்லிட்டு, நானும் பெஞ்ச் மேட்ஸ் நாலு பேரும் ஏற்காடு கிளம்பிட்டோம். அஞ்சு தடியனுங்க, ஏ.சி. ஃபுல், ஸ்பீக்கர் அலறுது. எஞ்சினோ 796 சி.சி. அடிவாரம் தாண்டி ஏற ஆரம்பிச்சா, செகண்ட் கியர், ஃபர்ஸ்ட் கியர், மறுபடி செகண்ட். ஒன்பதாவது வளைவுல டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி ஏறுது. நான் பார்த்தேன். பார்த்துட்டு, “சென்சார் கோளாறுடா”ன்னு நானே தீர்ப்பும் எழுதிட்டேன். பதிமூணாவது வளைவுல பானெட் ஓரமா வெள்ளைப் புகை. பின் சீட்டுல ஒருத்தன், “மச்சி... மேகம்டா, ஊட்டி மாதிரியே இருக்கு”ன்னு போட்டோ எடுக்கறான். அது மேகம் இல்லடா, நம்ம மானம் ஆவியாகுது!

ஓரங்கட்டினேன். பானெட்டைத் தூக்கினா ‘ஸ்ஸ்ஸ்’னு குக்கர் சத்தம். தண்ணி இல்லை போல, ஊத்திடலாம்னு ரேடியேட்டர் மூடியில கையை வெச்சேன். வெச்சது மட்டும்தான். பின்னாடி காய்கறி ஏத்தின குட்டி யானை ஒண்ணு பிரேக் அடிச்சு நின்னுச்சு. டிரைவர் இறங்கி ஓடியே வந்தார்.

“டேய் தம்பி, கையை எடு! மூஞ்சி வெந்துடும்!”

நான் கையை எடுத்தேன். எடுத்ததாலதான் இந்த வாரம் உங்களுக்கு இந்தப் பக்கம் வந்திருக்கு.

ஏன் அப்படி அலறினார்? இங்கேதான் நம்ம ஸ்டீம் டேபிள் வரும். (பரீட்சை ஹாலுக்குள்ள மட்டும் தூக்கிட்டுப் போவோமே, அதேதான்.) ரேடியேட்டர் மூடி, சும்மா குழம்புச் சட்டி மூடி கிடையாது. அதுக்குள்ள ஒரு ஸ்பிரிங், ஒரு ரப்பர் வாஷர். நிறைய சின்ன கார்கள்ல 0.9 பார் வரைக்கும் பிரஷரை உள்ளேயே பிடிச்சு வெச்சிருக்கும். வெளியே இருக்கற ஒரு பாரோட சேர்த்தா 1.9 பார். ஸ்டீம் டேபிளைப் புரட்டுங்க... 1.9 பாரில் தண்ணி கொதிக்கிறது 118 டிகிரிக்கு மேலே. அதாவது உள்ளே 110 டிகிரியில தண்ணி கொதிக்காம சமர்த்தா உட்கார்ந்திருக்கும். நீங்க மூடியைத் திறந்த அந்த நொடி பிரஷர் ஒரு பாருக்கு விழும். அங்கே கொதிநிலை 100. பத்து டிகிரி கூடுதலா இருக்கற தண்ணியில ஒரு பங்கு பட்டுன்னு ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணி முழுசா ஆவியானா 1,600 லிட்டருக்கு மேல இடம் கேட்கும். கொஞ்சூண்டு ஆவியானாலே போதும், மிச்ச கொதிதண்ணியையும் சேர்த்துத் தள்ளிக்கிட்டு வெளியே பாயும். வழியில இருக்கறது உங்க முகம்.

அதனால மக்களே, இந்தக் கட்டுரையில வேற எதை மறந்தாலும் சரி, சூடான ரேடியேட்டர் மூடியில கை வைக்காதீங்க. மேல் ஹோஸை விரலால தொட்டா சுடாத அளவுக்கு ஆறணும். எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு. அந்த நேரம் முழுக்க ஒரு குரங்குக் குடும்பம் மதில் மேல உட்கார்ந்து எங்களையே பார்த்தது. எங்க பசங்களைவிட அதுங்க அக்கறையாப் பார்த்தமாதிரி எனக்கு ஒரு ஃபீலிங்.

அந்த டிரைவர் அண்ணன் பத்து நிமிஷம் கூடவே நின்னு சொல்லிட்டுப் போனது: முள் ஏற ஆரம்பிச்ச உடனே ஏ.சி.யை ஆஃப் பண்ணு. ஹீட்டர் இருந்தா ஃபுல்லா போடு, வியர்த்து ஊத்தினாலும் பரவால்ல, எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் வெளியே இழுக்கும் (ஹீட்டர்ங்கறது உள்ளே இருக்கற இன்னொரு குட்டி ரேடியேட்டர்தான்). நிக்கற இடம் கிடைச்சா உடனே நிறுத்து. கொதிக்கிற எஞ்சின்ல பச்சைத் தண்ணி ஊத்தாதே, ஹெட்டு விரிசல் விடும். நல்லா ஆறின பிறகு மூடி மேல ஈரத் துணியைப் போட்டு, முதல் கட்டு வரைக்கும் மட்டும் திருகி, காத்து போக விட்டு, அப்புறம் திற. எஞ்சினை ஐடிலில் ஓட விட்டு, தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்து.

“எந்தக் காலேஜு தம்பி?”ன்னு கேட்டார். சொன்னேன். “என்ன படிக்கிறே?”ன்னார். சிவில்னு சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க சிவில் மக்களே!

பசங்களோட குடிதண்ணி பாட்டில் எல்லாத்தையும் ஊத்தி, ஏற்காட்டைப் பார்க்காமலே இறங்கி வந்துட்டோம். இறக்கத்துல எஞ்சினுக்கு வேலை கம்மி, முள் ஏறல. ஆனா எனக்குப் பிரஷர் ஏறிக்கிட்டே இருந்தது. ஏன்னா திங்கட்கிழமை காலையில அம்மாவைக் கோயம்புத்தூர் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். ஆபரேஷன் முடிஞ்சு முதல் செக்கப். தூசி படக்கூடாது, பஸ் வேண்டாம்னு டாக்டரே சொல்லியிருந்தார். நூத்தி அறுபது கிலோமீட்டருக்குக் குறையாத தூரம், இந்த வண்டியில, அப்பா ஓட்ட, கண்ணுல கறுப்புக் கண்ணாடியோட அம்மா பின் சீட்டுல. நடுவழியில இதேமாதிரி நின்னா? அப்பா மூடியில கை வெச்சா? அவருக்குக் குட்டி யானை அண்ணன் வருவாரா?

ராத்திரி தூக்கம் வரலை. ஞாயிறு காலையில அப்பா துடைக்க வர்றதுக்குள்ள வண்டியை எடுத்துக்கிட்டு எங்க தெருமுனை மெக்கானிக் அண்ணன் ஷெட்டுக்குப் போயிட்டேன்.

அண்ணன் முதல்ல ரேடியேட்டரைப் பார்க்கலை. “டிப் ஸ்டிக்கை இழு”ன்னார். எஞ்சின் ஆயில் பார்க்கற கம்பி. “எதுக்குண்ணா?”ன்னு கேட்டதுக்கு, “ஆயில் டீ மாதிரி பால் கலர்ல இருந்தா, ஹெட் கேஸ்கெட் போச்சுன்னு அர்த்தம். தண்ணியும் ஆயிலும் கலந்துடுச்சுன்னு அர்த்தம். உங்கப்பா பட்ட கஷ்டமும் போச்சுன்னு அர்த்தம்”னார். செமஸ்டர் ரிசல்ட் பக்கம் லோடு ஆகும்போதுகூட என் கை அப்படி நடுங்கினதில்லை. இழுத்தேன். துடைச்சு, விட்டு, மறுபடி இழுத்தேன். கறுப்பு. நல்ல, சுத்தமான, அழகான கறுப்பு! “பொழைச்சே”ன்னார் அண்ணன். (பால் கலர் இல்லைங்கறதால மட்டும் கேஸ்கெட் ஓகேன்னு சொல்லிட முடியாதாம். அதுக்கு இன்னொரு டெஸ்ட் இருக்கு, பின்னாடி சொல்றேன்.)

அடுத்து கீழே ஒரு பழைய பேசின் வெச்சு, ரேடியேட்டருக்கு அடியில இருக்கற டிரெயின் பிளக்கைத் திறந்தார். மேலே மூடியையும் திறந்து விடணும், இல்லைன்னா ஸ்ட்ராவை விரலால அடைச்ச மாதிரி இறங்காது. இறங்கினதைப் பார்த்து அண்ணன் என்னைப் பார்த்தார்.

“என்ன தம்பி... சுக்கு காபி ஓடுது?”

பச்சையா இருக்க வேண்டியது, துருப்பிடிச்ச காபி கலர்ல. மூடி வாயைச் சுத்தி, எங்க வீட்டு பக்கெட் ஓரத்துல இருக்குமே, அதே வெள்ளைப் படிவம். குற்றவாளி ரேகை விட்டுட்டுப் போன மாதிரி. “போர் தண்ணியா?”ன்னார். தலையை ஆட்டினேன்.

இங்க கொஞ்சம் பாடம் எடுக்கறேன், பொறுத்துக்கங்க. எஞ்சினில் எரியற பெட்ரோலோட சக்தியில ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுத்தற வேலைக்கு. ஒரு பங்கு சைலன்சர் வழியா புகையோட போகும். மிச்ச பங்கு சிலிண்டர் சுவர் வழியா கூலன்டுக்கு. (லேபில் ஹீட் பேலன்ஸ் ஷீட் போட்டு, கணக்குல வராததை எல்லாம் ‘அன்அக்கவுன்டட்’னு தள்ளுவோமே, அதே எக்ஸ்பெரிமென்ட்.) ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கூலன்டுக்குப் போகற அந்த ஒரு பங்கு மட்டும், முப்பது லிட்டருக்கு மேல தண்ணியைக் கொதிநிலைக்குக் கொண்டு போயிடும். அவ்வளவு சூட்டையும் வெளியே கொட்டற வேலையை, எங்க வண்டியில நாலு லிட்டருக்குள்ள அடங்கற திரவம் ஓயாம ஓடி ஓடிச் செய்யுது. தேன்கூடு மாதிரி ரேடியேட்டரை 1900-ல் வில்ஹெல்ம் மேபாக் மெர்சிடிஸ் 35 ஹெச்.பி. காருக்காக வடிவமைச்சார். அதுல 8,070 குட்டிக் குழாய்கள்! காத்து படற பரப்பு எவ்வளவு கூடுதோ அவ்வளவு குளிர்ச்சிங்கற அதே தந்திரம்தான் இன்னிக்கும் ஓடுது. அந்தக் குழாய்ல நான் சுண்ணாம்பு அடிச்சா எப்படி?

அப்போ சுத்தமான தண்ணி மட்டும் ஊத்தினா போதாதா? நானும் கேட்டேன். சூட்டைத் தூக்கறதுல தண்ணியை அடிச்சிக்க ஆளில்லைங்கறது நிஜம். அதோட ஸ்பெசிஃபிக் ஹீட் 4.18. பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்தா சுமார் மூணரைக்கு இறங்கிடும். ஆனா தண்ணி துருப்பிடிக்க வைக்கும். எஞ்சினுக்குள்ள இரும்பு, அலுமினியம்னு வேற வேற உலோகம் பக்கத்துல பக்கத்துல இருக்கு. நடுவுல தண்ணின்னா, அது ஒரு பேட்டரி மாதிரி அரிச்சிக்கிட்டே இருக்கும். கூலன்டில் கிளைக்காலோட துருவைத் தடுக்கற கெமிக்கல்களும் கலந்திருக்கு. காலப்போக்குல தீர்ந்து போறது கிளைக்கால் இல்லை, இந்தக் கெமிக்கல்கள்தான். அதனாலதான் லெவல் சரியா இருந்தாலும் மாத்தணும்.

பாதிக்குப் பாதி கலவை, மூடி இல்லாமலே சுமார் 107 டிகிரி வரைக்கும் கொதிக்காது. நல்ல மூடியும் சேர்ந்தா 125-ஐத் தாண்டும். மைனஸ் 37 வரைக்கும் உறையாது (சேலத்துக்கு ரொம்பத் தேவை!). “அப்ப தண்ணியே கலக்காம முழுசா கூலன்ட் ஊத்தினா இன்னும் சூப்பரா?”ன்னு நம்மள்ல ஒரு அதிமேதாவி கேட்பான். நான்தான் கேட்டேன். கிடையாது. தனி கிளைக்கால் மைனஸ் 13 பக்கத்துலயே உறைஞ்சிடும், சூட்டையும் தண்ணி அளவுக்குத் தூக்காது. கலந்தாதான் கெத்து.

இப்ப பதிமூணாவது வளைவு மர்மத்துக்கு விடை. அண்ணன் என் மூடியைத் திருப்பிக் காட்டினார். ரப்பர் வாஷர் வெடிச்சு, பல்லி முதுகு மாதிரி ஆகியிருந்தது. அதாவது பிரஷரே நிக்கல. ஏற்காடு உயரம் சுமார் 1,500 மீட்டர். அங்கே காத்தழுத்தம் கம்மிங்கறதால, திறந்த பாத்திரத்துல தண்ணி 95 டிகிரியிலேயே கொதிச்சிடும். கூலன்ட் செத்துப்போய் வெறும் தண்ணி, மூடி வேலை செய்யல, மலை மேல ஏறுது, அஞ்சு தடியனுங்க, ஏ.சி. ஆன், வேகம் இல்லாததால எதிர்க்காத்தும் இல்லை. இவ்வளவு பாவத்தைச் சுமந்துக்கிட்டு அந்த வண்டி பன்னிரண்டு வளைவு ஏறினதே பெரிய விஷயம்!

தண்ணி எட்டு மாசமா எங்க போச்சுங்கறதும் தெரிஞ்சது. கீழ் ஹோஸ் கிளாம்ப் லூஸ். ஓடும்போது மட்டும் சொட்டி, சூட்டுல காய்ஞ்சு, தரையில தடமே தெரியலை. ஒரு ஸ்க்ரூ டிரைவர், அரை நிமிஷ வேலை.

இதெல்லாம் பேசிட்டிருக்கும்போது பேசினை மறந்துட்டோம். ஷெட்டுல வளர்ற டைகர் (பேர்தான் டைகர், பிஸ்கட்டுக்கு உயிரை விடும்) மெதுவா வந்து பேசின்ல மூக்கை வெச்சது. அண்ணன் கையில இருந்த ஸ்பேனரைத் தரையில ஓங்கி அடிச்சார் பாருங்க, ‘டங்’குனு! டைகர் ஒரே பாய்ச்சல். அதுவரைக்கும் சிரிச்சுப் பேசிட்டிருந்த மனுஷன், முகமே மாறிடுச்சு. பேசினைத் தூக்கி மேல வெச்சு, பலகை போட்டு மூடினார். முன்னாடி வளர்த்த நாயை அப்படித்தான் இழந்தாராம். வேற ஒண்ணும் சொல்லலை.

எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். அதான் ஆபத்தே. நாயும் பூனையும் ஆசையா நக்கும். நம்ம வீட்டுக் குட்டிப் பசங்களும்தான், பச்சை கலர்ல ஜூஸ் மாதிரி இருக்கே! கல்லீரல் அதை உடைச்சு உடைச்சு, கடைசியில ஆக்சாலிக் அமிலமா ஆக்கிடும். அது கால்சியத்தோட சேர்ந்து சிறுநீரகத்துல ஊசி ஊசியா படிகமாகும். கிட்னி ஃபெயிலியர். மனுஷனா இருந்தாலும் அதே கதிதான். யாராவது தெரியாம குடிச்சிட்டா, வீட்டு வைத்தியம் பார்த்துட்டு உட்காராம நேரா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும். பாட்டிலையும் கையோட எடுத்துட்டுப் போகணும். சீக்கிரம் போனா மாத்து மருந்து இருக்கு. கூலன்டை வாட்டர் பாட்டில்ல, கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல ஊத்தி வைக்கற பழக்கம் இருந்தா, தயவுசெஞ்சு இன்னிக்கே தூக்கிப் போடுங்க. பழைய கூலன்டைச் சாக்கடையிலயோ செடிக்கோ ஊத்தாதீங்க. கேன்ல அடைச்சு, பழைய ஆயில் சேகரிக்கற ஒர்க் ஷாப்புல கேட்டுக் கொடுங்க. அண்ணன் தனி கேன் வெச்சிருக்கார்.

அப்புறம் ஃப்ளஷ். இது பொறுமைக்கு வெச்ச பரீட்சை. டிரெயின் பிளக்கை மூடி, டிஸ்டில்டு வாட்டர் (பேட்டரிக்கு ஊத்தறதுதான்) ரொப்பி, ஹீட்டரை ஹாட்ல வெச்சு எஞ்சினை ஓட விடணும். உடனே ஆஃப் பண்ணிடக் கூடாது. எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல தெர்மோஸ்டாட்னு ஒரு கேட் கீப்பர். உள்ளே மெழுகு. சூடு சுமார் 82 டிகிரி ஆகும்போது மெழுகு உருகி விரிஞ்சு கதவைத் திறக்கும். வண்டிக்கு வண்டி இந்த டிகிரி கொஞ்சம் மாறும். அது திறக்கற வரைக்கும் எஞ்சினுக்குள்ள இருக்கற அழுக்கு எங்கேயும் போகாது. திறந்துடுச்சான்னு எப்படித் தெரியும்? ரேடியேட்டருக்குப் போற ஹோஸ் திடீர்னு சூடாகும். ஃபேன் பக்கம் கை, துப்பட்டா, ஐ.டி. கார்டு கயிறு எதையும் கொண்டு போகாதீங்க, எலெக்ட்ரிக் ஃபேன் எப்ப வேணா சுத்தும். அப்புறம் ஆஃப் பண்ணி, முழுசா ஆற விட்டு, திறந்து விடணும்.

முதல் தடவை சுக்கு காபி, லைட்டா. ரெண்டாவது தடவை லெமன் டீ. மூணாவதுல கொஞ்சம் மங்கல். நாலாவதுல தண்ணி தண்ணியாவே வந்தது. ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஆறணுமே... காலையில ஏழுக்கு ஆரம்பிச்சது சாயங்காலம் ஆயிடுச்சு. படிவத்தைக் கரைக்கற ரேடியேட்டர் ஃப்ளஷ் கெமிக்கல் கடையில கிடைக்கும். பாட்டில்ல போட்டிருக்கற நேரத்தைத் தாண்டி உள்ளே விடக்கூடாது. அதுக்கும் அண்ணன் ஒரு எச்சரிக்கை வெச்சார். பழைய ரேடியேட்டர்ல சில ஓட்டையை அந்தச் சுண்ணாம்பே அடைச்சு வெச்சிருக்கும், கரைச்சா ஒழுகும்னார். எங்க வண்டிக்கு வேண்டாம்னுட்டார். வாழ்க்கையில சில அழுக்கை அப்படியே விடணும் போல!

கடையில பச்சை, சிவப்பு, பிங்க், நீலம்னு வகை வகையா கூலன்ட் அடுக்கியிருந்தது. ஏமாந்துடாதீங்க. கலர் வெறும் சாயம்தான். இந்தக் கலர்னா இந்த வகைன்னு எல்லா கம்பெனிக்கும் பொதுவான விதி கிடையாது. உள்ளே இருக்கற துரு தடுப்பான் எந்த வகைங்கறதுதான் முக்கியம். பழைய பாணி வகை சுமார் ரெண்டு வருஷம் தாங்கும், ஆர்கானிக் ஆசிட் வகை சுமார் அஞ்சு வருஷம். ரெண்டையும் கலந்தா சண்டை போட்டு ஆயுசு குறையும், சில சமயம் கூழ் மாதிரிகூட ஆகும். வண்டியோட மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அது. இன்னொண்ணு, ‘ரெடி மிக்ஸ்’ வாங்கினா மறுபடி தண்ணி கலக்காதீங்க. கான்சன்ட்ரேட் வாங்கினா கலக்க மறக்காதீங்க.

அண்ணன் சொல்லிக் கொடுத்த ஒரு டிரிக் எந்தப் புக்குலயும் நான் பார்க்காதது. ஃப்ளஷ் பண்ணி எவ்வளவுதான் திறந்து விட்டாலும், எஞ்சின் பிளாக்குக்குள்ள கொஞ்சம் தண்ணி தங்கிடும். அது மேல 50:50 கலந்ததை ஊத்தினா, உள்ளே நிஜமா இருக்கப்போறது அதைவிட நீர்த்தது. அதனால மொத்தக் கொள்ளளவு எவ்வளவோ அதுல பாதி கான்சன்ட்ரேட்டை முதல்ல ஊத்திடணும். மிச்ச இடத்துக்கு டிஸ்டில்டு வாட்டர். கணக்கு தானா நேராயிடும். மாஸ் பேலன்ஸ்ங்க! எட்டாவது படிச்ச அண்ணன் எனக்கு மாஸ் பேலன்ஸ் நடத்தினார்.

கடைசியா காத்து. உள்ளே காத்து மாட்டிக்கிட்டா அந்த இடத்துல எஞ்சின் தனியா சூடாகும். மூடியைத் திறந்தே வெச்சு ஐடில்ல ஓட விட்டா, குமிழ் குமிழா வரும், லெவல் இறங்கும், ஊத்திக்கிட்டே இருக்கணும். கொஞ்ச நேரத்துல குமிழ் நிக்கணும். நிக்காம வந்துக்கிட்டே இருந்தா? சிலிண்டர்ல எரிஞ்ச வாயு உள்ளே வருதுன்னு அர்த்தம், ஹெட் கேஸ்கெட் காலி. நான் முன்னாடி சொன்ன இன்னொரு டெஸ்ட் இதுதான். ரெண்டு பேரும் ரேடியேட்டர் வாயையே குனிஞ்சு பார்த்துட்டு நின்னோம். பத்து நிமிஷம். குமிழ் குறைஞ்சது... இன்னும் ஒண்ணு... இன்னும் ஒண்ணு... நின்னுடுச்சு. அண்ணன் புது மூடியைப் போட்டுத் திருகினார். ரிசர்வாயரை ‘ஃபுல்’ கோடு வரைக்கும் ரொப்பினேன். கூலிக்குப் பதிலா “ரெண்டு டீயும் டைகருக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டும்”னார்.

(நடுவுல ஒரு தோழி கேட்டிருந்தாங்க, எலெக்ட்ரிக் கார் வந்தா இந்தத் தொல்லையெல்லாம் இல்லையான்னு. அங்கேயும் பேட்டரியைக் குளிர வைக்க நிறைய மாடல்கள்ல கூலன்ட்தான் ஓடுது மேடம். ஆனா அதுல நீங்களா கை வைக்காதீங்க, ஹை வோல்டேஜ்.)

திங்கட்கிழமை. அப்பா ஓட்டறார், அம்மா பின்னாடி, நான் முன் சீட்டுல. ரோட்டைப் பார்க்காம டெம்பரேச்சர் முள்ளையே பார்த்துட்டு வர்றேன். சங்ககிரி தாண்டினோம். முள் பாதிக்குக் கீழேயே கிடக்கு. பவானி பக்கம் டீக்கு நிறுத்தினார். அம்மாவுக்கு டீயை ஜன்னல் வழியா கொடுத்துட்டு வந்தா, அப்பா பானெட்டைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கறார். மூடியில கை வைப்பாரோன்னு ஓடினேன். கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு, குனிஞ்சு ரிசர்வாயரை மட்டும் பார்த்துட்டு இருந்தார்.

“என்னடா இது, பச்சையா இருக்கு?”

“கூலன்ட்ப்பா. பழசை மாத்திட்டேன்.”

“ம்ம்...” டீயை ஒரு வாய் குடிச்சார். “எட்டு மாசமா வெள்ளையா இருந்துச்சே.”

எனக்கு டீ தொண்டையிலேயே நின்னுடுச்சு. அப்பா பானெட்டை மெதுவா இறக்கி, ரெண்டு கையாலயும் அமுக்கி மூடினார்.

“டிக்கியில இருக்கற மக்கை எடுத்து வீட்ல வெய்யி. உங்கம்மா அதைத் தேடிட்டே இருக்கா.”

அடுத்த வாரம் பிரேக் ஆயில். சந்திப்போமா?